இங்கிலாந்தில் உங்கள் வார்டு எல்லையை யார் வரைகிறார்கள்? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ நியூ மால்டனிலோ குடியேறி ஓரிரு வருடம் ஆனவர்கள் கண்ணில், கவுன்சில் இணையதளத்தின் ஓரத்தில் ‘தேர்தல் மறுஆய்வு: உங்கள் கருத்து என்ன?’ என்ற வரி என்றாவது ஒருநாள் படும். பெரும்பாலானோர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு வார்டு என்று ஆனபிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது விசாரித்துப் பயனில்லை, கோடு போட்டாயிற்று. எந்த நேரத்தில், யாரிடம், எதைச் சொன்னால் கோடு நகரும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ இருப்பவர்கள் இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த வாசலைத் தட்டுவது?

புதியவர்கள் செய்யும் முதல் பிழை தவறான அலுவலகத்துக்கு எழுதுவது. ‘எல்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன.

கவுன்சிலுக்குள் இருக்கும் வார்டுகள், அவற்றின் பெயர்கள், கவுன்சிலர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தீர்மானிப்பது இங்கிலாந்து உள்ளாட்சி எல்லை ஆணையம். இந்தக் கட்டுரையில் ‘ஆணையம்’ என்று வருவதெல்லாம் இதைத்தான் குறிக்கும்.

ஒரு கவுன்சிலுக்கும் பக்கத்துக் கவுன்சிலுக்கும் இடையிலான எல்லையையும் இதே ஆணையம் ஆராயும். ஆனால் பரிந்துரை மட்டுமே செய்யும். மாற்றும் அதிகாரம் அமைச்சரிடம் இருக்கிறது. இரண்டு கவுன்சில்களும் ஒத்துப்போகாமல் இந்த வேலை நகர்வது அபூர்வம்.

பாரிஷ் கவுன்சிலை (ஊர் அல்லது அக்கம்பக்க அளவில் இயங்கும் மிகச் சிறிய கவுன்சில்) புதிதாக அமைப்பது, கலைப்பது, அதன் எல்லையை மாற்றுவது எல்லாம் உங்கள் டிஸ்ட்ரிக்ட், போரோ அல்லது யூனிட்டரி (எல்லா உள்ளாட்சி வேலையையும் ஒன்றே செய்யும்) கவுன்சிலின் பொறுப்பு.

மேலடுக்கான கவுண்டியையும் அதற்குக் கீழுள்ள டிஸ்ட்ரிக்டுகளையும் கலைத்து ஒரே கவுன்சிலாக்குவது அரசின் முடிவு.

நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளை வரைவது முற்றிலும் வேறோர் ஆணையம். அதன் பெயரும் ஏறத்தாழ இதைப்போலவே இருப்பதால் குழப்பம் ஓய்வதே இல்லை. 2024 ஜூலை தேர்தலில் பயன்பட்ட தொகுதிகளுக்கு 69,724 முதல் 77,062 வாக்காளர்கள் என்ற வரம்பை வைத்து வேலைசெய்தது அந்த அமைப்பு. வார்டு மறுஆய்வில் ‘எங்கள் எம்.பி. மாறிவிடுவார்’ என்று எழுதினால் அந்த வரியை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

சட்டம் எப்படி மாறிவந்தது

பழைய வரலாறு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஆவணங்களில் பாதி, இன்று இல்லாத அமைப்புகளின் பெயரில் இருக்கின்றன. எது இன்னும் செல்லும், எது செல்லாது என்று பிரித்தறிய இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் முதல் எல்லை ஆணையத்தை உருவாக்கியது. 1992 சட்டம் அதை எடுத்துவிட்டு, வார்டு எல்லையோடு கவுன்சில் கட்டமைப்பையும் சேர்த்து ஆராயும் வேறோர் ஆணையத்தை வைத்தது. 90களில் பல யூனிட்டரி கவுன்சில்கள் பிறந்தது அதன் காலத்தில்தான். 2002 ஏப்ரலில் வேலை தேர்தல் ஆணையத்தின் கீழ் இயங்கிய எல்லைக் குழுவுக்குப் போனது. குழு பரிந்துரைக்கும், தேர்தல் ஆணையம் ஆணை பிறப்பிக்கும்.

இதற்குப்பின் வந்த இரண்டு சட்டங்கள்தான் இன்றைய நடைமுறைக்கு அடிப்படை. 2007ஆம் ஆண்டின் உள்ளாட்சி மற்றும் சுகாதாரத்தில் பொதுமக்கள் பங்கேற்புச் சட்டம், பாரிஷ் விவகாரங்களைக் கவுன்சில்களிடமே ஒப்படைத்தது. லண்டனுக்குள் பாரிஷ் அமைக்கக் கூடாது என்ற தடையும் அதோடு நீங்கியது. வெஸ்ட்மின்ஸ்டரில் குவீன்ஸ் பார்க் பகுதி மக்கள் அந்த வழியைப் பயன்படுத்தித் தங்களுக்கென ஒரு கவுன்சிலைப் பெற்று, 2014 மே மாதம் அதற்கு முதல் தேர்தலும் நடந்தது.

அடுத்தது 2009ஆம் ஆண்டின் உள்ளூர் ஜனநாயகம், பொருளாதார வளர்ச்சி மற்றும் கட்டுமானச் சட்டம். பெயர் நீளமாக இருந்தாலும் நமக்குத் தேவையானது அதன் 55 முதல் 59 வரையான பிரிவுகளும் இரண்டாம் அட்டவணையும்தான். தேர்தல் ஆணையத்திலிருந்து எல்லை வேலையைப் பிரித்து, 2010 ஏப்ரல் 1 முதல் தனி ஆணையத்திடம் கொடுத்தது இந்தச் சட்டம். இன்றைய ஆணையம் அமைச்சரின் துறைக்குள் வராது. மக்களவை சபாநாயகர் தலைமையிலான குழுவுக்கே பதில் சொல்கிறது. வார்டு எல்லையில் அமைச்சருக்கு வேலையே இல்லை. ஆணையம் தானே ஆணையைத் தயாரித்து நாடாளுமன்றத்தில் வைக்கிறது.

இதன் நடைமுறைப் பொருள்: எம்.பி.யிடம் மனுக் கொடுத்து, அமைச்சருக்குக் கடிதம் எழுதி வார்டு கோட்டை மாற்ற முடியாது. எம்.பி.யும் உங்களைப்போல ஒரு கருத்தைத்தான் அனுப்பலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘மேலே ஆள் பிடித்துப் பார்க்கலாம்’ என்று காலம் கடத்துகிறவர்கள், கருத்துச் சொல்லும் வாரங்களைத் தவறவிடுகிறார்கள்.

எண்ணுவது தலைகளை இல்லை, வாக்காளர்களை

தமிழ்நாட்டில் உள்ளாட்சி வார்டுகளை மறுவரையறை செய்தபோது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்தார்கள். குழந்தை, பெரியவர், வாக்குரிமை உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே கணக்கு. ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்து இருவர் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால், ஆணையத்துக்கு அந்த வீட்டில் இரண்டு பேர்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடியுரிமையோடு, இங்கே தங்கச் செல்லுபடியாகும் அனுமதியும் இருந்தால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே பதிவுசெய்து வாக்களிக்கலாம். வேலை விசாவோ மாணவர் விசாவோ தடையில்லை. இதை அறியாத தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வந்த மாதமே செய்யக்கூடிய வேலை இது:

1. அரசு இணையதளத்தில் வாக்காளர் பதிவுப் பக்கத்துக்குப் போங்கள். பத்து நிமிட வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இருக்கட்டும்.
2. 2014 முதல் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். வீட்டுத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கும் பழைய முறை போய்விட்டது. கணவர் பதிந்தால் மனைவி பெயர் தானாக வராது.
3. விற்பனைக்குக் கிடைக்கும் திறந்த பட்டியலில் பெயர் வேண்டாம் என்று குறிக்கலாம். அதனால் வாக்குரிமையோ வார்டுக் கணக்கோ பாதிக்கப்படாது.
4. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். கவுன்சில் டாக்ஸ் கணக்கில் முகவரி மாற்றியதை நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டும் வேறுவேறு பதிவுகள்.

வாடகை வீடுகள் நிறைந்த தெருக்களில் பதிவு குறைவாகவே இருக்கும். அதன் விளைவாக ஜனநெருக்கடி மிகுந்த வார்டுகூட காகிதத்தில் சிறிய வார்டாகத் தெரியும். அந்த வார்டின் கவுன்சிலருக்கு வேலை மற்றவர்களைவிட அதிகம் இருக்கும். மறுஆய்வு அறிவித்தபிறகு பதிவுசெய்ய ஓடினால், அந்தச் சுற்றின் தொடக்கக் கணக்கில் சேராமல் போகலாம்.

மறுஆய்வு எப்போது வரும்? ஒரு சின்னக் கணக்கு

எல்லாக் கவுன்சில்களையும் ‘அவ்வப்போது’ ஆராய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆணையம் தனக்கு இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டிருக்கிறது. கவுன்சிலின் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட வார்டுகள் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், அல்லது ஒரே ஒரு வார்டாவது 30 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால், அந்தக் கவுன்சில் வரிசையில் வரும். கவுன்சிலே கேட்டுக்கொண்டும் மறுஆய்வு நடப்பதுண்டு.

கணக்கு எளிது. ஒரு கவுன்சிலில் 1,20,000 வாக்காளர்கள், 48 கவுன்சிலர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்சிலருக்குச் சராசரி 2,500 வாக்காளர்கள். உங்கள் வார்டில் மூன்று கவுன்சிலர்கள், 8,400 வாக்காளர்கள். மூன்றால் வகுத்தால் 2,800, அதாவது சராசரியைவிட 12 சதவீதம் கூடுதல். 10 சதவீதத்துக்குள் வர வார்டின் மேல்வரம்பு 8,250. எனவே 150 பேர் பக்கத்து வார்டுக்குப் போனால் போதும், ஒரு நீளமான தெரு.

இத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மறுஆய்வு முடிந்து ஐந்து ஆண்டுகளில் வாக்காளர் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சட்டம் சொல்கிறது. ஐந்து ஆண்டில் மொத்தம் 1,26,000 ஆகும், புதிய குடியிருப்பு வருவதால் உங்கள் வார்டு 9,000 ஆகும் என்று கவுன்சில் கணித்திருந்தால், சராசரி 2,625 ஆகிறது. உங்கள் வார்டு 14 சதவீதம் கூடுதல். மேல்வரம்பு 8,662. இப்போது 338 பேர் நகர வேண்டும். 150 பேரை நகர்த்தும் உங்கள் யோசனை அங்கேயே அடிபட்டுவிடும். ஆகவே கவுன்சில் வெளியிடும் எக்செல் கோப்பில் ‘இன்றைய எண்ணிக்கை’ பத்தியை விட்டுவிட்டு, கணிப்புப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.

10 சதவீதம் என்பது சட்டத்தில் எழுதியிருக்கும் வரம்பு கிடையாது. ‘இயன்றவரை சமமாக’ என்பதுதான் சட்டத்தின் சொல். வலுவான உள்ளூர்க் காரணம் இருந்தால் ஆணையம் சற்று விட்டுக்கொடுக்கும். அந்தக் காரணத்தைக் காட்டும் சுமை உங்கள் தலையில்.

கட்டங்களும், எந்தக் கட்டத்தில் வாய் திறப்பது என்பதும்

தொடக்கம் முதல் இறுதிப் பரிந்துரை வரை ஓராண்டுக்கு மேல் ஓடும்.

*கவுன்சிலர் எண்ணிக்கை.* எத்தனை கவுன்சிலர்கள் வேண்டும் என்பதே முதல் முடிவு. முடிவெடுக்கும் முறை, மேற்பார்வைக் குழுக்களின் வேலைப்பளு, மக்களைச் சந்திக்கும் வேலை ஆகிய மூன்றையும் விளக்கி கவுன்சில் ஓர் ஆவணம் தரும். 30க்குக் கீழோ 100க்கு மேலோ போனால் ஆணையம் கூடுதலாகக் குடையும். பக்கிங்ஹாம்ஷர் 2020இல் ஒன்றிணைந்தபோது 147 கவுன்சிலர்களோடு தொடங்கியது. மறுஆய்வுக்குப்பின் 2025 மே தேர்தலில் அது 97 ஆனது. டர்ஹாம் 126லிருந்து 98க்கு வந்தது, கார்ன்வால் 2021இல் 123லிருந்து 87க்கு இறங்கியது. இந்தக் கட்டத்தில் பொதுமக்களுக்கு இடம் குறைவு. உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் ‘என்ன எண் கேட்கிறீர்கள்?’ என்று கேட்டுவைத்தால் போதும்.

*வார்டு அமைப்பு பற்றிய முதல் பொதுக்கருத்து.* வழக்கமாகப் பத்து வாரத்தை ஒட்டி இருக்கும். வரைபடம் இன்னும் வெறுமையாக இருப்பதால் இங்கே சொல்லும் கருத்துக்குத்தான் அதிக மதிப்பு. ஆனால் பார்த்து எதிர்க்க ஒரு கோடும் இல்லாததால் மக்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். கட்சிகளும் கவுன்சிலும் முழு வரைபடத்தோடு வருவது இந்தக் கட்டத்தில்தான்.

*வரைவுப் பரிந்துரை, இரண்டாம் பொதுக்கருத்து.* ஆணையம் தன் வரைபடத்தையும் ஒவ்வொரு வார்டுக்கும் காரணத்தையும் வெளியிடும். மறுபடி அதே அளவு அவகாசம். இப்போது கோட்டை நகர்த்த முடியும், ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட காரணத்தை உடைக்க வேண்டும். அறிக்கையில் உங்கள் வார்டு பற்றிய இரண்டு மூன்று பத்திகளை மட்டும் பிரதியெடுத்து, வரிக்கு வரி பதில் எழுதுங்கள்.

*இறுதிப் பரிந்துரை.* பெரிய மாற்றம் செய்ய நேர்ந்தால் குறிப்பிட்ட சில வார்டுகளுக்கு மட்டும் இன்னொரு சிறு சுற்று நடத்துவார்கள். இல்லையேல் நேரே இறுதி அறிக்கை. அதற்குமேல் ஆணையத்திடம் மேல்முறையீடு கிடையாது.

*நாடாளுமன்றத்தில் வைப்பது.* வரைவு ஆணை 40 நாள் இரு அவைகளிலும் கிடக்கும். ஏதேனும் ஓர் அவை வேண்டாமென்று தீர்மானித்தால் நிற்கும். திருத்த வழியில்லை, ஏற்பது அல்லது தள்ளுவது மட்டும்தான்.

ஆணையம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

மூன்று அளவுகோல்கள்: ஒரு கவுன்சிலருக்கான வாக்காளர் எண்ணிக்கை சமமாக இருப்பது, உள்ளூர்ச் சமூகத்தின் அடையாளமும் உறவுகளும் குலையாமல் இருப்பது, நிர்வாகம் திறம்படவும் வசதியாகவும் நடப்பது. எண் கணக்கு கவுன்சிலிடமே இருக்கிறது, நிர்வாக வசதியும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உள்ளூர் உறவு ஒன்றில்தான் குடியிருப்பவரின் சொல்லுக்கு நிகர் இல்லை.

அடுத்து, கருத்தில் எழுதி வீணாக்கக் கூடாதவை: வீட்டு விலை, போஸ்ட்கோட், கார் இன்சூரன்ஸ் கட்டணம், பள்ளிச் சேர்க்கை எல்லை, கவுன்சில் டாக்ஸ், நாடாளுமன்றத் தொகுதி, எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது. இவை எதையும் ஆணையம் எடுத்துக்கொள்ளாது. வார்டு மாறினால் போஸ்ட்கோடும் மாறாது, பள்ளி எல்லையும் தானாக மாறாது.

சில கட்டுப்பாடுகளை முன்னமே தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்களுக்கு மேல் கிடையாது. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுக்கும் கவுன்சில் என்றால் மூன்று உறுப்பினர் வார்டுகளே எதிர்பார்க்கப்படும். அங்கே ‘எங்களுக்கு ஒற்றைக் கவுன்சிலர் வார்டு வேண்டும்’ என்பது எடுபடுவது கடினம். முழுக் கவுன்சிலுக்கும் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தால் கை கொஞ்சம் தாராளம். பர்மிங்ஹாம் அந்த முறைக்கு மாறியபோது, 40 வார்டு, 120 கவுன்சிலர் என்று இருந்தது 2018இல் 69 வார்டு, 101 கவுன்சிலர் ஆனது. அவற்றில் 37 வார்டுகளுக்கு ஒருவர், 32 வார்டுகளுக்கு இருவர். கவுண்டி கவுன்சில் என்றால் ஒரு டிவிஷன் (கவுண்டியின் வார்டு) இரண்டு டிஸ்ட்ரிக்டுகளில் கால்வைக்க முடியாது. துண்டாகத் தனித்து நிற்கும் பகுதியை ஒரு வார்டோடு ஒட்டவும் மாட்டார்கள்.

கருத்தை எழுதும் முறை

இணையப் பக்கத்தில் நேராகப் பதியலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், தபாலும் போடலாம். அனுப்பியதை ஆணையம் வெளியிடும். வீட்டு முகவரி போன்றவை நீக்கப்படும் என்றாலும், அக்கம்பக்கத்தாரைப் பற்றி எழுதும்போது இதை மனதில் வையுங்கள்.

நடையைவிட ஆதாரம் முக்கியம். ‘எங்கள் பகுதியைப் பிரிக்காதீர்கள், நாங்கள் ஒற்றுமையாக வாழ்கிறோம்’ என்று ஆணையத்துக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு பகுதியும் அப்படித்தான் சொல்கிறது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ரயில்பாதைக்கு வடக்கே இருக்கும் இந்த நான்கு தெருக்களுக்கும் கார் வெளியேற ஒரே வழி கிழக்குமுனைச் சந்திப்பு. தெற்கே போக நடைபாலம் மட்டும் உண்டு, சக்கர நாற்காலி ஏறாது. கடைத்தெரு, ஜிபி, ஆரம்பப் பள்ளி மூன்றும் வடக்கில். குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர் எல்லை இந்த நான்கு தெருக்களோடு முடிகிறது. வரைவு வரைபடம் இவற்றைத் தெற்கு வார்டில் சேர்த்திருக்கிறது.’ இதைப் படிக்கும் அதிகாரி வரைபடத்தில் விரல் வைத்துச் சரிபார்க்க முடியும். அவர்கள் நேரில் வந்து சுற்றிப் பார்ப்பதும் உண்டு, அப்போது உங்கள் நடைபாலம் அங்கே இருக்க வேண்டும்.

நம்மவர்கள் கோவிலையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியையும் சமூக அடையாளமாகக் காட்ட விரும்புவது இயல்பு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோவிலுக்கு வருகிறவர்கள் ஐந்து போரோக்களிலிருந்து வருகிறார்கள் என்றால் அது ஒரு வார்டுக்கான ஆதாரம் ஆகாது. அந்தத் தமிழ்ப் பள்ளி நடக்கும் கூடத்தையே சுற்றியுள்ள எல்லாச் சமூகத்தாரும் கூட்டத்துக்கும் முதியோர் நிகழ்ச்சிக்கும் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் இன்னின்ன தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்றால் அதற்கு எடை உண்டு. இனத்தை வைத்துப் பேசுவதைவிட இடத்தை வைத்துப் பேசுவதே இங்கே பலிக்கும்.

கருத்தில் இருக்க வேண்டியவை:

1. எந்த வார்டு, எந்தத் தெருக்கள். தெரு நடுவில் பிரிகிறது என்றால் வீட்டு எண்களோடு.
2. கோடு எங்கே போக வேண்டும். பெரிய சாலை, ஆறு, ரயில்பாதை, பூங்கா விளிம்பு போன்று கண்ணுக்குத் தெரியும் எல்லையைச் சொல்லுங்கள். தோட்டங்களின் பின்வேலி வழியாகப் போகும் கோடும் செல்லும்.
3. அதற்கான ஆதாரம், மேலே சொன்னபடி.
4. கணக்கு. உங்கள் யோசனைப்படி இரண்டு பக்க வார்டுகளும் எத்தனை சதவீதத்தில் நிற்கும்.

நான்காவதை எழுதுபவர்கள் மிகக் குறைவு, பலன் தருவதும் அதுதான். வார்டு வரைபடம் ஒரு சிறிய போர்வை மாதிரி: ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கால் வெளியே தெரியும். உங்கள் 600 பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டால் பக்கத்து வார்டு 600 குறையும். அந்தக் குறையை எங்கிருந்து நிரப்புவது என்று நீங்கள் சொல்லாவிட்டால், ‘ஆதாரம் ஏற்கத்தக்கது, ஆனால் எண்ணிக்கைச் சமன் குலைகிறது’ என்ற பதிலோடு முடிந்துவிடும். வாக்குச்சாவடிப் பகுதி வாரியான எண்ணிக்கை எக்செல் கோப்பில் இருக்கும். அந்தப் பகுதிகளை முழுதாக நகர்த்தினால் கூட்டல் கழித்தல் சுலபம். ஒரு பகுதியைப் பிளக்க வேண்டுமென்றால் வீடுகளை எண்ணி, அந்தப் பகுதியில் வீட்டுக்கு எத்தனை வாக்காளர் என்ற விகிதத்தால் பெருக்குங்கள்.

ஐந்தாண்டுக் கணிப்பில் தவறிருந்தால் அதையும் முதல் சுற்றிலேயே சொல்லுங்கள். 400 அடுக்குமாடி வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது என்பதால் 800 வாக்காளர்கள் வந்துவிட மாட்டார்கள். கட்டுமானம் தள்ளிப்போகும், வீடுகள் காலியாகக் கிடக்கும், குடிவருவோரில் பலர் பதிய மாட்டார்கள். அனுமதி எண்ணையும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டால் கவுன்சில் கணிப்பை ஆணையம் கேள்வி கேட்கும்.

ஒரே வாசகத்தை முந்நூறு பேர் அனுப்புவது பத்தோடு பதினொன்றுதான். எண்ணிக்கை பார்த்து முடிவெடுக்க இது வாக்கெடுப்பு கிடையாது. ஐந்து பேர் ஐந்து விதமான ஆதாரத்தை, ஒருவர் பள்ளி பற்றியும் ஒருவர் பஸ் வழித்தடம் பற்றியும் எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். ஆணையத்தின் கோடு சரியென்று பட்டாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எதிர்ப்பவர் மட்டும் எழுதி, ஆதரிப்பவர் மௌனமாக இருந்ததால் வரைவில் இருந்த நல்ல கோடு இறுதியில் காணாமல் போவது உண்டு.

கோடு மாறியபின்

புதிய எல்லை, ஆணையில் குறிப்பிட்ட கவுன்சில் பொதுத் தேர்தலன்று அமலாகும். அதற்கு முன் இடைத்தேர்தல் வந்தால் பழைய எல்லைதான். இடையில் கவுன்சில் தன் வாக்குச்சாவடிப் பகுதிகளைத் திருத்தும். ஐந்து நிமிட நடையில் இருந்த சாவடி பெரிய சாலைக்கு அப்பால் போய்விடுவது இந்த இடத்தில் நடக்கிறது. இது கவுன்சிலின் முடிவு, ஆணையத்துக்கு எழுதிப் பயனில்லை. தேர்தலுக்கு முன் வரும் வாக்காளர் அட்டையில் சாவடி முகவரியைப் பாருங்கள்.

பாரிஷ் உள்ள பகுதியில் இன்னொரு முடிச்சு. புதிய வார்டு எல்லை ஒரு பாரிஷை வெட்டிக்கொண்டு போனால், பாரிஷ் கவுன்சிலும் அந்தக் கோட்டின்படி தன் வார்டுகளாகப் பிரிய வேண்டும். ஆணையம் இப்படி அமைத்த பாரிஷ் வார்டுகளை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற விரும்பினால் கவுன்சில் ஆணையத்தின் சம்மதம் பெற வேண்டும். எதிர்த்திசையிலும் அப்படித்தான்: கவுன்சில் பாரிஷ் எல்லையை மாற்றினால் வார்டு எல்லை தானாகப் பின்தொடராது. அதற்குத் தனியாக ஆணையத்திடம் கேட்க வேண்டும். இதை மறந்துவிடுவதால் பத்து இருபது வீடுகள் பாரிஷுக்கு ஒரு பக்கமும் வார்டுக்கு இன்னொரு பக்கமுமாகத் தொங்கும்.

பாரிஷ் கவுன்சில் கேட்பவர்களுக்கு

இதற்கு மனு வழி உண்டு. 2015இல் வந்த திருத்தம் தேவையான கையெழுத்துகளைக் குறைத்தது. பகுதியில் 500க்குக் குறைவான வாக்காளர் என்றால் 37.5 சதவீதம், 500 முதல் 2,500 வரை என்றால் 187 பேர், அதற்கு மேல் என்றால் 7.5 சதவீதம். பழைய வழிகாட்டிகளில் 50 சதவீதம், 250 பேர், 10 சதவீதம் என்று இருக்கும், அவை காலாவதி. செல்லுபடியாகும் மனு கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்தில் கவுன்சில் ஆய்வை முடிக்க வேண்டும்.

கையெழுத்திடுபவர் அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். மனுக்கள் சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில். கடைவாசலில் நின்று வாங்கிய 187 கையெழுத்தில் 40 பேர் பக்கத்துப் பகுதிக்காரர்களாக இருப்பார்கள், 20 பேர் பதியாதவர்கள். 280 வரை வாங்கிவைப்பது நல்லது. மனுவோடு எல்லையைக் காட்டும் வரைபடமும், என்ன கேட்கிறீர்கள் என்ற தெளிவான வாக்கியமும் இருக்கட்டும். அந்தப் பகுதியில் கடந்த இரண்டாண்டுக்குள் இதே ஆய்வு நடந்து முடிந்திருந்தால் கவுன்சில் மறுக்கலாம்.

கவுன்சிலே இணையப் போகிறது என்றால்

2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையில், கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் இரண்டடுக்காக இருக்கும் பகுதிகளை யூனிட்டரி ஆக்கப்போவதாக அரசு அறிவித்தது. 2025 பிப்ரவரியில் 21 பகுதிகளுக்கு அழைப்பும் போனது. இங்கே இணைப்பை முடிவுசெய்வது அமைச்சர். ஆணையம் அடுத்தகட்டத்தில்தான் முழுமையாக வரும். புதிய கவுன்சிலுக்கான முதல் தேர்தலை வழக்கமாக இருக்கிற டிவிஷன்களையோ வார்டுகளையோ அப்படியே எடுத்து, இரண்டு மூன்று உறுப்பினர்களாகப் பெருக்கி நடத்திவிடுவார்கள். சோமர்செட்டில் 2022 மே மாதம் பழைய டிவிஷன்களின் உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 110 பேரைத் தேர்ந்தெடுத்தது அப்படித்தான். அந்தப் பெரிய எண்ணும் பழைய கோடுகளும் இடைக்கால ஏற்பாடு. அதன்பின் வரும் முழு மறுஆய்வில் கவுன்சிலர் எண்ணிக்கை குறையும், வார்டுகள் பெரிதாகும். பழைய டிஸ்ட்ரிக்ட் எல்லையைத் தாண்டிப் புதிய வார்டுகள் வர முதன்முறையாக வழி திறப்பதும் அப்போதுதான்.

அப்படியொரு பகுதியில் நீங்கள் இருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் கவுன்சிலின் பக்கத்தை இப்போதே குறித்துவையுங்கள். முதல் பொதுக்கருத்துக்கான பத்து வாரம் பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். எக்செல் கோப்பையும் வரைபடத்தையும் முதல் வாரத்திலேயே இறக்கி, தெருக்களை நடந்து பார்த்து, மூன்றாம் நான்காம் வாரத்தில் எழுதத் தொடங்குங்கள்.